வண்ணைநகரும் நாவலர் பெருமானும்

யாழ்ப்பாணக் கோட்டையையும் முற்றவெளியையும் பின்னால் விட்டுக் காங்கேசன்துறை வீதியால் வடக்கு நோக்கி வருபவர் பெரியகடையைக் கடந்து வண்ணார்பண்ணைக்குள் நுழைவர். ஒரு பக்கத்தில் பொற்கொல்லர் பட்டறைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பேர்போன கன்னாதிட்டி. சற்று அப்பால் பெருமாள் கோவிலும் சிவன் கோவிலும் உள்ளன. கோட்டைக்கு அண்மையில் பறங்கித்தெருவும் தேவாலயங்களும் துரைமாரின் கந்தோர்களும் அமைந்திருக்க, வண்ணார்பண்ணையோ தமிழ் வணிகரின் ஊராக வளர்ந்தது. இந்தியக் கரையிலிருந்து வந்து குடியேறிய செட்டிமார் இங்கே கடை வைத்தனர். துணியும் அரிசியும் கடல் வழியே வந்து இறங்கின. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கு ஏறிற்று. இந்தக் கடைத்தெருவின் நடுவேதான் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் தம் வாழ்நாட் பணியின் பெரும்பகுதியைச் செய்தார். அவர் பிறந்தது நல்லூர். பேர் பெற்றது தமிழ்கூறும் உலகமெங்கும். ஆயினும் அவருடைய பாடசாலையும் அச்சகமும் பிரசங்க மேடையும் அமைந்த இடம் வண்ணார்பண்ணையே.

நாவலர் வரலாற்றை அறிய வேண்டுமாயின் அவருக்கு முன்னே இவ்வூரில் எழுந்த ஒரு கோவிலைப் பற்றி அறிதல் வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சிவாலயங்கள் இடிக்கப்பட்டன. ஒல்லாந்தர் காலத்திலும் சைவர்கள் வெளிப்படையாக வழிபடத் தடை இருந்தது. அவ்வாட்சியின் கடைசிக் காலத்தில் பிடி சற்றுத் தளர்ந்தபோது வண்ணார்பண்ணையில் வாழ்ந்த வைத்திலிங்கச் செட்டியார் என்னும் வணிகர் வைத்தீஸ்வரப் பெருமானுக்கும் தையல்நாயகி அம்பாளுக்கும் ஆலயம் எடுத்தார். அவருடைய தந்தையார் கோபாலச் செட்டியார். சோழநாட்டிலிருந்து வந்த கூழங்கைத் தம்பிரான் என்னும் பெரும் புலவரிடம் கல்வி கற்றவர் வைத்திலிங்கச் செட்டியார். கடை நடத்திய கை கோவிலும் எடுத்தது, தமிழும் கற்றது. அக்கோவிலின் வசந்த மண்டபமே பின்னாளில் ஈழத்துச் சைவ வரலாற்றின் போக்கை மாற்றிய இடமாயிற்று.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாக ஆறுமுகம் அவதரித்தார். தந்தையார் நாடகங்கள் பல இயற்றிய தமிழறிஞர். அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகம் ஒன்று முற்றுப்பெறுவதற்கு முன்னரே காலமானார். அப்போது மகனுக்கு ஒன்பது வயது. எஞ்சிய பகுதியை அந்தச் சிறுவரே எழுதி முடித்தார் என்பது யாழ்ப்பாணத்தார் பெருமையோடு சொல்லிவரும் செய்தி. பின்னர் இருபாலைச் சேனாதிராய முதலியாரிடமும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடமும் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்தார். ஆங்கிலம் கற்பதற்கோ அந்நாளில் மிஷன் பள்ளிக்கூடத்தை விட வேறு வழி இருக்கவில்லை. யாழ்ப்பாண நகரில் வெஸ்லியன் மிஷனார் நடத்திய பாடசாலையிற் சேர்ந்தார். அதுவே இன்று மத்திய கல்லூரி என வழங்குவது.

அப்பாடசாலையின் தலைவர் பேர்சிவல் பாதிரியார். மாணாக்கரின் புலமையைக் கண்ட அவர் இருபது வயதும் நிரம்பாத ஆறுமுகத்தை அங்கேயே ஆசிரியராக்கினார். விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் தம் வேலைக்கும் அவரையே துணையாகக் கொண்டார். மொழிபெயர்ப்புப் பற்றிச் சென்னையிலே கேள்வி எழுந்தபோது இருவரும் அங்கு சென்று, அறிஞர் முன்னிலையில் அதன் தமிழ்நடையை நிலைநாட்டி மீண்டனர். திருநீறு அணிந்த சைவர் ஒருவர் இந்தப் பணியைச் செய்தாரா எனப் பலர் வியப்பதுண்டு. வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த ஆண்டுகளிற்றான் அவர் விவிலியத்தை வரி வரியாகப் படித்தார். பாதிரிமார் எப்படிப் பிரசங்கம் செய்கிறார்கள், எப்படிப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள், எப்படித் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கிறார்கள் என்பவற்றை உள்ளே இருந்து கண்டார். மானிப்பாயில் அமெரிக்க மிஷனார் 1834 முதல் அச்சியந்திரசாலை நடத்தினர். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவரத் தொடங்கிற்று. சைவர் பக்கத்திலோ ஏடும் எழுத்தாணியும் திண்ணைப் பள்ளியுமே இருந்தன. உத்தியோகம் வேண்டிய பிள்ளை ஆங்கிலம் கற்க வேண்டும். ஆங்கிலம் கற்க மிஷன் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே நிலைக்க ஞானஸ்நானம் பெற வேண்டும் என்ற நிலைமை ஊர்தோறும் பரவி வந்தது.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோவில் வசந்த மண்டபத்திலே, இருபத்தைந்து வயது இளைஞராகிய ஆறுமுகம் முதன்முதலாகச் சைவப் பிரசங்கம் செய்தார். கோவிலிலே புராணத்துக்குப் பயன் சொல்வது பழைய வழக்கம். ஆனால் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, சாதாரண சனங்களுக்கு விளங்கும் வசனத்திலே, கேட்போர் நெஞ்சிற் பதியும்படி பேசுவது அதுவரை கோவிலில் இல்லாத புதுமை. கந்தோரால் வருபவர், கடை பூட்டி வருபவர், கோவிலுக்குக் கும்பிட வந்த பெண்கள் என எல்லாரும் அங்கே இருந்து கேட்டனர். அன்று தொடங்கி வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடைபெற்றது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் உடனிருந்து பேசினார். சிவபத்தி, திருநீறு, கொல்லாமை, கள்ளுண்ணாமை, தருமம் என்பனவே பொருள்கள். கோவிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டு வெளியே போய் அதற்கு மாறாக நடப்பவர்களை அவர் பெயர் சொல்லாமலே கண்டித்தார். கேட்டவர்களுள் சிலர் புலால் விட்டனர் என்றும் சிலர் தீட்சை பெற்றனர் என்றும் அவர் வரலாறு கூறும். சிலருக்குக் கோபமும் வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

பகலில் மிஷன் பாடசாலையிற் சம்பளம் பெற்றுக்கொண்டு வெள்ளி மாலையில் சைவப் பிரசங்கம் செய்வது நீடிக்க முடியாத வாழ்க்கை. 1848இலே அந்த உத்தியோகத்தை விட்டார். அந்த ஆண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். தமிழும் சைவமும் ஒருங்கே கற்பிக்க, வகுப்பு முறையாகவும் பாட ஒழுங்கோடும் நடத்தப்பட்ட முதற் சைவப் பாடசாலை அது. மாணாக்கரிடம் பணம் வாங்கப்படவில்லை. அரசினர் உதவி மிஷன் பள்ளிகளுக்கே கிடைத்தது. விவாகம் செய்யாமல், சொந்த வருமானம் இல்லாமல் நின்ற இளைஞருக்கு ஆசிரியரின் சீவனத்துக்கு வழி தேடுவதே பெரும் பாடாயிற்று. பிடியரிசித் தண்டலே அவருக்குக் கைகொடுத்தது. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு முட்டியில் இட்டு வைப்பது யாழ்ப்பாணத்துப் பெண்களின் தருமம். கோவிலுக்கும் மடத்துக்கும் போய்க்கொண்டிருந்த அந்த ஒரு பிடி பள்ளிக்கூடத்துக்கும் போகலாயிற்று. பெருந்தனவந்தர் பலர் வாக்குக் கொடுத்து மறந்தபோதும் பிடியரிசி மறக்கப்படவில்லை.

பள்ளிக்கூடம் நடத்துவதற்குப் புத்தகம் வேண்டும். ஏட்டுச்சுவடியை வைத்து முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முடியாது. மேலும் ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகரம் ஏகாரம் என்ற வேறுபாடு தெரியாது; காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும்; சொற்கள் பிரிக்கப்படாமல் ஒரே தொடராய் ஓடும். குரு பக்கத்தில் இருந்து படித்துக் காட்டினாலன்றிப் பிள்ளைக்கு விளங்காது. எனவே அச்சியந்திரம் வாங்குவதென்று துணிந்து, 1849இலே தம் மாணாக்கர் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்து தமிழகம் சென்றார். போகும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்திலே சொற்பொழிவாற்ற, ஆதீனத்தார் மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். பட்டம் பெறப் போனவரல்லர். யந்திரம் வாங்கப் போனவர். ஆயினும் இன்று ஆறுமுகம் என்ற பெயரைவிட அந்தப் பட்டமே அவருக்குப் பெயராய் நிற்கிறது. சென்னையிலே சூடாமணி நிகண்டு, சௌந்தரியலகரி ஆகிய இரண்டையும் உரையுடன் அச்சிட்டு, யந்திரத்தோடு ஊர் திரும்பினார்.

வண்ணார்பண்ணையில் அது நிறுவப்பட்டது. வித்தியாநுபாலன யந்திரசாலை என்பது அதற்கு அவர் இட்ட பெயர். பட்டறைச் சத்தமும் கடைச் சத்தமும் கேட்ட ஊரில் அச்சியந்திரத்தின் சத்தமும் கேட்கத் தொடங்கிற்று. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, வலமிடம் மாறிய வடிவில் வரிசையாகக் கோத்து, மை தடவி, தாளை வைத்துக் கையால் அழுத்தி எடுப்பது அந்தக் காலத்து வேலை. ஒரு பக்கம் அச்சாகும். நனைந்த தாள் காயும். பின் எழுத்தைக் கலைத்து மறுபக்கத்துக்குக் கோக்க வேண்டும். பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்வதும், அச்சுத்தாளைப் படித்துப் பிழை திருத்துவதும் நாவலரின் கையில் இருந்தன. எழுத்துப் பிழை விட்ட புத்தகம் வெளியே போகக்கூடாது என்பதில் அவர் கடுமையானவர். நாவலர் பதிப்பு என்றால் பிழை இராது என்ற நம்பிக்கை தமிழகத்திலும் வேரூன்றியது இதனால்தான். சொற்களைக் கூடியவரை பிரித்து, நிறுத்தற் குறிகள் இட்டு, கண்ணால் படித்த மாத்திரத்தில் பொருள் விளங்கும்படி வசனம் எழுதியதும் அவருடைய கொடையே.

அந்த யந்திரசாலையிலிருந்து முதலில் வந்தவற்றுள் பிள்ளைகளுக்கான பாலபாடங்கள் முக்கியமானவை. நன்னூல் விருத்தியுரையும் வந்தது. பெரியபுராணத்தைச் செய்யுள் அறியாதவரும் படித்து உருகும்படி வசனமாக எழுதி வெளியிட்டார். 1854இலே சைவதூஷணபரிகாரம் என்னும் கண்டன நூலை வெளியிட்டார். மிஷனாரின் சைவ நிந்தைக்கு அவர்களுடைய வேதநூலை நன்கு அறிந்த ஒருவர் கூறிய விடை அது. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்பதை அந்நூலைப் படித்தவர் உணர்வர்.

கிராமக் கோவில்களிலே அதன் பயன் வேறு விதமாகத் தெரிந்தது. யாழ்ப்பாணத்துக் கோவில்களில் கந்தபுராணமும் பெரியபுராணமும் படித்துப் பயன் சொல்வது வழிவழி வந்த வழக்கம். ஒரு ஏட்டுப் பிரதியை ஊரெல்லாம் இரவல் கேட்டு அலைந்த நிலை மாறி, அச்சுப் புத்தகம் பட்டுத்துணியில் சுற்றப்பட்டுப் புராணபடன மேசைக்கு வந்தது. படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர் என்றிருக்க, கேட்டிருந்தவர்களும் வீட்டிற்போய் வசன நூலைப் படிக்க முடிந்தது. இதே காலத்திற் கிராமக் கோவில்களில் நடந்த ஆடு, கோழிப் பலியை அவர் வன்மையாகக் கண்டித்தார். கண்ணகி வழிபாட்டையும் ஆகம வழிபாடு அன்றென மறுத்தார். அதன் பயனாகப் பல அம்மன் கோவில்களில் பலி நின்றது. சில கண்ணகி கோவில்கள் பெயரும் வழிபாடும் மாறின. தலைமுறை தலைமுறையாகப் பொங்கிப் படைத்து வந்த எளிய சனங்களுக்கு அம்மாற்றம் இலகுவாய் இருந்திராது. அவருடைய நூல்களிற் காணப்படும் சாதியாசார விதிகளையும் இன்று எவரும் ஏற்கமாட்டார். அவர் தம் காலத்துச் சமூகத்தின் அந்தப் பக்கத்தை எதிர்த்து நின்றவரல்லர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பின்னர்ப் பல ஆண்டுகள் அவர் பெரும்பாலும் தமிழகத்திலேயே தங்கினார். சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் யந்திரசாலை நடைபெற்றது. திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை முதலிய அரிய பதிப்புகள் அக்காலத்தவை. 1864இலே சிதம்பரத்தில் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அதற்கும் யாழ்ப்பாணத்துப் பணமும் உழைப்பும் சென்றன. வண்ணார்பண்ணைப் பாடசாலையை அவருடைய மாணாக்கர் பேணி வந்தனர்.

1870இலே ஊர் திரும்பியபோது நாவலர் கண்ட யாழ்ப்பாணம் மாறியிருந்தது. ஆங்கிலம் படித்தவனுக்கே மதிப்பு என்ற நிலை இன்னும் இறுகியிருந்தது. சைவப் பிள்ளை சைவப் பிள்ளையாகவே இருந்து ஆங்கிலம் கற்க வேண்டும் என்று எண்ணி, 1872இலே வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடக்கினார். தமிழ்ப் பள்ளியைப் பிடியரிசியாலே நடத்திவிடலாம். ஆங்கில ஆசிரியருக்கோ மாதச் சம்பளம் காசாகக் கொடுக்க வேண்டும். பிரசங்கத்துக்கு மண்டபம் நிறையக் கூடியவர்கள் இதற்குக் கை கொடுக்கவில்லை. நான்கு ஆண்டு தாக்குப்பிடித்து 1876இலே அது மூடப்பட்டது. நாவலர் வாழ்வில் அவரை மிகவும் புண்படுத்திய தோல்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். தாம் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் நூலில் இவ்வூர்ச் செல்வரையும் கோவில் நிர்வாகிகளையும் அவர் ஒளிவுமறைவின்றிச் சாடினார். மேல்நாட்டாரை எதிர்த்து எழுதியதைவிடத் தம்மவரைக் கண்டித்து எழுதியதே அவருடைய பிற்காலத்தில் அதிகம். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் ஆகமத்துக்கு மாறானவை நடப்பதாகக் கூறி 1875இலே துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார். தாம் பிறந்த ஊர்க் கோவில் என்று கூட அவர் தயங்கவில்லை. அதே வேளையில், பாழடைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தையும் கீரிமலைச் சிவன் கோவிலையும் மீண்டும் எழுப்ப வேண்டுமென 1872இலேயே வேண்டுகோள் விடுத்தவரும் அவரே.

அடுத்து வந்தது பஞ்சம். 1876ஆம், 1877ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது, வாந்திபேதியும் பரவிற்று. தென்னிந்தியாவிலும் கொடிய பஞ்சமாகையால் அரிசி வந்த வழியும் சுருங்கியது. கடைத்தெருவில் நெல் விலை ஏற, கூலிக்காரர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. நாவலர் புத்தகத்தை வைத்துவிட்டுக் கஞ்சித்தொட்டித் தருமத்துக்கு எழுந்தார். உள்ளவர்களிடம் அரிசியும் பணமும் தண்டி, ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். அரசாங்க அதிபராயிருந்த துவைனந்துரை சனங்களின் துன்பத்தைக் கவனிக்கவில்லை என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டி எழுதினார். அந்நாளில் துரைமுன் வாய்திறக்க அஞ்சிய ஊரிலே இது சிறிய காரியமன்று. சைவ நூல் எழுதும் ஒருவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களும் இருந்திருப்பர். பசித்தவன் வாயிலே கஞ்சி வார்ப்பதும் சிவபுண்ணியம் என்பதை அவர் தம் பிரசங்கங்களில் முன்னரே சொல்லியிருந்தார்.

1879ஆம் ஆண்டு மே மாதம் சட்டநிரூபணசபையிலே தமிழர் பிரதிநிதியாயிருந்த சேர் முத்துக்குமாரசுவாமி காலமானார். அந்த இடத்துக்கு யாரை நியமிப்பது என்ற கேள்வி எழுந்தது. பிறிற்றோ என்பவரைச் சிலர் முன்மொழிந்தனர். நாவலர் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையிலே பெருங்கூட்டம் கூட்டி, இளைஞராயிருந்த பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்தார். இராமநாதனே நியமனம் பெற்றார். பின்னாளில் அவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனாய் நாடறிந்த தலைவரானதை எல்லாரும் அறிவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் பிடியரிசியில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம் நாட்டின் சபைக்கு ஆள் அனுப்பும் இடமாகவும் அன்று விளங்கியது.

நாவலரின் தேகம் அதற்குள் தளர்ந்திருந்தது. அவ்வாண்டு ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தில், அதே வித்தியாசாலையில் அவர் செய்த பிரசங்கமே கடைசிப் பிரசங்கமாயிற்று. 1879 டிசம்பர் 5ஆம் திகதி, கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே, சிவபதம் அடைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைவதற்குப் பதின்மூன்று நாள்களே இருந்தன. முதற் பிரசங்கம் செய்த நாள் போல அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை.

அவர் பின்னே மனைவி மக்கள் இல்லை, மாணாக்கரே இருந்தனர். சதாசிவப்பிள்ளை பாடசாலைகளையும் யந்திரசாலையையும் தொடர்ந்து கவனித்தார். மருமகராகிய வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளை புராணத்துக்குப் பயன் சொல்வதில் இணையற்றவராய் விளங்கினார். 1882இலேயே கனகரத்தின உபாத்தியாயர் நாவலர் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார். சிதறிக் கிடந்த கட்டுரைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் கைலாசபிள்ளை பிரபந்தத்திரட்டாகத் தொகுத்தார். 1888இலே சைவபரிபாலன சபை தோன்றியது. அடுத்த ஆண்டு இந்துசாதனம் பத்திரிகை வெளிவந்தது. மூடப்பட்ட ஆங்கிலப் பள்ளிக்குப் பதிலாக, பதினான்கு ஆண்டு கழித்து, 1890இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதே வண்ணார்பண்ணையில் எழுந்தது. நாவலருக்குக் கை கொடுக்கத் தயங்கிய ஊர் இம்முறை தயங்கவில்லை.

1971இலே இலங்கை அரசாங்கம் அவருக்கு முத்திரை வெளியிட்டது. 2022 டிசம்பரில் அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. இடைப்பட்ட யுத்தகாலத்தில் யாழ்ப்பாண நகரின் பழைய கடைகளும் கட்டடங்களும் பல அழிந்தொழிந்தன. வண்ணார்பண்ணையில் அவர் தொடக்கிய பாடசாலை நாவலர் மகா வித்தியாலயம் என்னும் பெயரோடு விளங்குகிறது. நாவலர் வீதி வண்ணார்பண்ணையையும் நல்லூரையும் இணைத்துச் செல்கிறது. அவர் எழுதிய பாலபாடங்களும் சைவ வினாவிடையும் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கின்றன.